கல்லோடு ஊர்ப்பெயரையும் காப்பாற்றியவர்

வணக்கம் நேயர்களே. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி என்று ஒரு பழைய தேவாலயம் உண்டு. கற்கால மனிதர்களின் கல்லாயுதங்களைத் தேடிச் சேகரித்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானவர் அவர். ஆனாலும் அஸ்தி ஏற்காட்டுக்குத்தான் வந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் குடியிருந்த ஊர் இது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரும் இங்கே வாழ்ந்தவர். ஆம், ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான்.

தேவாலயத்தைச் சுற்றியிருக்கும் சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்தன. கருநிறப் பாறையைக் கொத்தி, வழவழவென்று தேய்த்து, ஒரு முனையைக் கூராக்கிய கோடரிகள் அவை. மண்ணில் அகப்பட்டவற்றை மலைமக்கள் வீசி எறியவில்லை. பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். அவை உடையாமல் நமக்குக் கிடைத்ததில் அந்த பக்திக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஃபூட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததை உலகம் ஏற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டு செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கம் போனார். அங்கேயும் கல்லாயுதங்கள் கிடைத்தன.

ஆனால் அவரை நான் கொண்டாடுவது முதலில் கண்டெடுத்தவர் என்பதற்காக அல்ல. கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, என்ன பாறை என்று எழுதி வைத்தாரே, அதற்காகத்தான். 400க்கும் மேற்பட்ட இடங்கள் அந்தப் பதிவில் இருக்கின்றன. புவியியலாளர் என்பதால் கல்லின் வகையையும் விடாமல் பார்த்தார். பழைய கற்காலத்தவர் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான கல்லையும், புதிய கற்காலத்தவர் கருநிற எரிமலைப் பாறையையும் நாடியது அப்படித்தான் அவருக்குப் புலப்பட்டது. 1904இல் அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் விரிவான பட்டியல், அவர் மறைந்த பிறகு, 1914இல் அச்சானது.

ஊர்ப்பெயர் இருந்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். அத்திரம்பாக்கத்தையே பாருங்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே மறுபடி அகழ்ந்தார்கள். அடி அடுக்கில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லை வைத்துக்கொண்டு யாரும் இப்படித் திரும்பிப் போய்த் தோண்ட முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் காட்டிலோ ஓடையிலோ இப்படி ஒரு கல் தென்பட்டால் உடனே கழுவி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஊர், நிலம், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்து அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் தகவல் சொல்லுங்கள்.