ஏரியை எதற்காக அளக்கிறோம்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கியும் எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்த கல்லூரி முதல்வர் அவர்களே, ஓய்வுபெற்றும் ஓயாத பொதுப்பணித்துறைப் பொறியாளர் பெருமக்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த வரவேற்புக் குழுவினரே, பின்வரிசையில் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஏரி போன்ற சிக்கலான ஓர் அமைப்பு இயங்கும் விதத்தைத் தாளில் மாதிரியாக வரையும்போது மாறிகளை, அதாவது ஏறி இறங்கும் அளவுகளை, இலக்குகளோடு இணைப்பது எப்படி? இதுபற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். எதற்காக அளக்கிறாய் என்பது என் கேள்வி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டத்தைச் சென்னையின் குடிநீரோடு இணைத்தால், அது ஏற ஏற மகிழ்ச்சி. ஏரியின் உபரிநீர் போய்ச் சேரும் அடையாற்றங்கரை வீடுகளின் பாதுகாப்போடு இணைத்தால், ஏற ஏறக் கவலை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியது. 2019 கோடையில் இந்த ஏரி வறண்டு கிடந்தது. ஆகவே இருக்கும் நீரை மட்டுமல்ல, ஏரியில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தையும் தனி மாறியாக எழுத வேண்டும்.

ஒருமுறை கண்மாய் ஒன்றுக்கு மாதிரி வரைந்து ஊர்ச் சாவடியில் விரித்தோம். மழை, ஆவியாதல், கசிவு, வண்டல் என்று தாள் முழுக்க அம்புக்குறிகள். மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிப் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீன் குத்தகைக்காரர் எங்கே ஐயா?" என்றார். சாவடியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மடையைத் திற என்று பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர் வருவார். மீன் பிடிக்கும்வரை திறக்காதே என்று குத்தகைக்காரர் வருவார். கண்மாய்க்குள்ளேயே வெள்ளாமை வைத்தவர் ராத்திரியில் தானே வந்து திறந்துவிடுவார். உங்கள் படத்தில் தண்ணீர் தானாகவா போகிறது?" எங்களோடு வந்த ஆய்வு மாணவர் அவசரமாக ஒரு பெட்டி வரைந்து 'மனித நடத்தை' என்று எழுதினார். பெரியவர் குனிந்து பார்த்து, "இதில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் தம்பி?" என்றார்!

யாருடைய இலக்கு என்று எழுதாமல் மாறியை எழுதினால் இப்படித்தான். தூர்வாரும் பணியையே பாருங்கள். அள்ளிய மண்ணைக் கன மீட்டரில் அளக்கிறோம். பணம் கொடுக்க அது போதும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதை யார் அளக்கிறார்கள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், சரி. ஆற்றுத் தண்ணீர் கண்மாய்க்கு வரும் வழியில் வீட்டு மனை போடச் சொன்னது யார்? வரத்துக்கால் அடைபட்ட கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் என்ன பயன்?

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மற்ற இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறேன். வரத்துக்கால்களை அளந்து எல்லைக்கல் நடக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.