பர்சன்ட்-பி-க்குப் பின்னால் ஏன் இத்தனை எழுத்துகள்?

கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "லினக்ஸ் கெர்னலில் ஐபி முகவரியை அச்சிட பர்சன்ட்-பி-ஐ-4, மேக் முகவரிக்கு பர்சன்ட்-பி-எம். எல்லாம் ஏன் பர்சன்ட்-பி-யிலேயே வந்து தொங்குகின்றன? என் டிரைவரின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டருக்குப் பர்சன்ட்-கியூ என்று புதிய எழுத்து ஒன்றைச் சேர்க்கக் கூடாதா?" இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை. பர்சன்ட்-பி என்பது ஒரு பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, அச்சிடச் சொல்லும் குறி. ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் என்பது வன்பொருளின் நிலையைப் பிட் பிட்டாகச் சொல்லும் எண்.

சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கெர்னலுக்குள் சி லைப்ரரி கிடையாது என்று, கெர்னல் செய்தி அச்சிடும் ஃபங்க்ஷனான பிரின்ட்கே பற்றிய வீடியோவில் பார்த்தோம். லிப் ஃபோல்டரில் இருக்கும் விஎஸ்பிரின்ட்எஃப் கோப்பு கெர்னலின் சொந்தச் சரக்கு; லார்ஸ் விர்செனியஸ், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இரண்டு பெயர்களும் அதன் தலையிலேயே இருக்கும். அங்கே ஒரு கேஸ் கூட்டினால் எழுத்து தயார்.

தடை கம்பைலரில் இருக்கிறது. ஃபார்மேட் எழுத்துகளை ஜிசிசி என்ற அந்தக் கம்பைலர் படித்துப் பார்க்கும். எண்ணை அச்சிடும் பர்சன்ட்-டி-க்குப் பாயின்டரைக் கொடுத்தால் உடனே எச்சரிக்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பிழைச் செய்தி அச்சிடும் வரிதான் யாரும் ஓட்டிப் பார்க்காத வரி. வன்பொருள் பழுதாகும் அன்றைக்குத்தான் அது முதன்முதலாக ஓடும். அங்கே தப்பான எழுத்து இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியும் போச்சு, சில நேரம் மெஷினும் போச்சு. அதைக் கம்பைல் செய்யும்போதே பிடித்துக் கொடுப்பது இந்தச் சோதனைதான். ஜிசிசிக்குப் பர்சன்ட்-கியூ தெரியாது. அதற்காகச் சோதனையை அணைத்தால் கெர்னல் முழுக்க இருக்கும் அத்தனை பிரின்ட்கே அழைப்புகளுக்கும் காவல் போய்விடும்.

பர்சன்ட்-பி-யில் ஒரு வசதி உண்டு. சி மொழியைப் பொறுத்தவரை பி-யோடு ஃபார்மேட் முடிந்தது. அடுத்த எழுத்து வெறும் உரை. ஜிசிசி பாயின்டர் வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கெர்னலோ அடுத்த எழுத்தையும் படிக்கும். 2008-ல் லினஸ் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பர்சன்ட்-பி-எஸ் என்றால் முகவரிக்குப் பதில் ஃபங்க்ஷன் பெயரே வரும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு வழியில் போனது. அங்கே இருக்கும் பர்சன்ட்-பி-யில் வருவது சின்ன ஆங்கில எழுத்து b, பாயின்டரின் p அல்ல. ஒரு எண்ணையும் பிட்களின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்தால், அந்த எண்ணை, உதாரணமாக 3 என்று போட்டு, கோண அடைப்புக்குள் எந்தெந்த பிட் எரிகிறதோ அவற்றின் பெயர்களையும் எழுதிவிடும். ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டருக்கு அவ்வளவு அழகு. ஆனால் அதற்காகக் கம்பைலருக்கே தனி ஆப்ஷன் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

லினக்ஸ் வழிக்கும் விலை உண்டு. பர்சன்ட்-பி-ஐ-4-க்கு மேக் முகவரியின் பாயின்டரைக் கொடுத்தால் ஜிசிசி வாய் திறக்காது. ஆனாலும் இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு ஐபி முகவரியை நிப்குவாட் என்ற மேக்ரோ நான்கு எண்களாகப் பிரித்துக் கொடுக்கும். மேக் முகவரிக்கு ஒவ்வொருவரும் ஸ்டாக்கில் ஒரு பஃபர், அதாவது எழுத்துகளுக்கான தற்காலிக இடம், அறிவிக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இந்த விலை எனக்குச் சம்மதம்தான்.

எந்த எழுத்து என்பதைவிட, அந்த எழுத்தின் பின்னால் ஓடும் கோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அது வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்டுக்குள் ஓடலாம், கெர்னல் மீள முடியாமல் நிற்கும் பேனிக் நடுவிலும் ஓடலாம். தூங்கக் கூடாது, மெமரி ஒதுக்கக் கூடாது. குப்பைப் பாயின்டர் வந்தால் தானும் சேர்ந்து விழக் கூடாது. அதற்காகத்தான் சில நேரம் லாகில் அடைப்புக்குறிக்குள் ஈஃபால்ட், அதாவது தப்பான முகவரி, என்று பார்க்கிறீர்கள்.

அடுத்தது நீளக் கணக்கு. பஃபரில் இடம் தீர்ந்ததும் எண்ணுவதையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்; அது தப்பு. பஃபருக்குள் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்க்ஷன் திருப்பித் தருவது எழுதிய நீளமல்ல, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கும் நீளம். ஆகவே இடம் இருந்தால் எழுத வேண்டும்; இல்லாவிட்டாலும் பாயின்டரை ஒரு படி நகர்த்த வேண்டும். கேஏஎஸ்பிரின்ட்எஃப் இதை நம்பித்தான் இருக்கிறது. முதல் சுற்றில் பூஜ்ய அளவு பஃபரோடு நீளத்தை அளந்து, அந்த அளவுக்கு மெமரி வாங்கி, இரண்டாம் சுற்றில் எழுதும். இரண்டு சுற்றும் வெவ்வேறு நீளம் சொன்னால் கெர்னல் எச்சரிக்கை போடும்.

சரி, உங்கள் டிரைவருக்கு வருவோம். அந்த ரிஜிஸ்டரை உங்கள் கோடு மட்டும்தான் அச்சிடுகிறது என்றால் எழுத்து வேண்டாம்; பஃபரை நிரப்பும் சின்ன ஃபங்க்ஷன் போதும். பல சப்சிஸ்டம்களுக்கும் பொதுவான டைப் என்றால் தாராளமாகப் பர்சன்ட்-பி-க்குப் பின்னால் ஒரு எழுத்து கேளுங்கள். பிரின்ட்கே ஃபார்மேட் ஆவணத்திலும் பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டின் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். கூடவே பிரின்ட்எஃப் டெஸ்ட் கோப்பில் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அது உங்கள் எழுத்தை முழு பஃபரோடும், ஏதோ ஒரு குறைந்த அளவோடும், பூஜ்ய அளவோடும் ஓட்டிப் பார்க்கும். நீளக் கணக்கு தப்பினால் அங்கேயே தெரிந்துவிடும்.