குரலால் நடித்த மெல் பிளாங்க்

அனைவருக்கும் வணக்கம்.

கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி, வாத்து டாஃபி டக், குட்டிப் பறவை ட்வீட்டி, ட்வீட்டியைத் துரத்தும் சில்வெஸ்டர் பூனை, ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடரின் பார்னி ரபிள். இத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள்தான். அவரைப் பலகுரல் கலைஞர் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மெல் பிளாங்க் முழுமையான நகைச்சுவை நடிகர். வானொலிதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

1908இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, போர்ட்லாந்தில் வளர்ந்தவர். இருபது வயதுக்குள்ளேயே வானொலிக்கு வந்துவிட்டார். அவர் நடிப்பைப் புரிந்துகொள்ள அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். அதில் அவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். தென் கலிபோர்னியாவின் மூன்று ஊர்ப் பெயர்களைச் சொல்வார்: "அனஹைம், அசூசா, அண்ட் குக்..." அங்கே நிறுத்திவிடுவார். கொஞ்சம் கழித்துத்தான் "அமோங்கா" வரும். போகப்போக அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் மற்றவர்கள் பேசுவார்கள். கேட்பவர்களோ மிச்சப் பாதிக்காகக் காத்திருப்பார்கள். ஒரு ஊர்ப் பெயரைப் பாதியில் நிறுத்தியே அரங்கத்தைச் சிரிக்க வைப்பது தொண்டையின் வேலை மட்டுமா? எந்த நொடியில் வாயை மூட வேண்டும் என்று தெரிந்த நடிகனால்தான் அது முடியும்.

அதே நிகழ்ச்சியில் பென்னியின் ஓட்டைக் காரின் சத்தத்துக்கு ஒலித்தட்டு வைத்திருந்தார்கள். ஒருமுறை அது காலை வாரிவிட, பிளாங்க் சட்டென்று மைக்கின் முன் வந்து, இருமித் திணறித் தும்மும் காராகவே மாறிவிட்டார். அப்புறம் அந்தக் கார் அவருடைய வேடமாகிவிட்டது.

1937 முதல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் கார்ட்டூன்களில் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. பக்ஸ் பன்னிக்காக நிஜக் கேரட்டையே கடித்தார். வேறு காய்களையும் கடித்துப் பார்த்தார்களாம், அந்த 'கறுக்' சத்தம் வரவில்லை. வாய் நிறையக் கேரட்டோடு வசனம் பேச முடியாதே! ஒலிப்பதிவை நிறுத்தி, துப்பிவிட்டு, மறுபடி தொடர்வார்கள்.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் கோரமான கார் விபத்து. இரண்டு வாரம் நினைவில்லை. பெயர் சொல்லி அழைத்தபோது அசைவே இல்லாதவரிடம், மருத்துவர் "பக்ஸ் பன்னி, எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டபோது முயலின் குரலில் பதில் வந்தது. உடலெங்கும் மாவுக்கட்டோடு படுத்தபடியே பார்னி ரபிளுக்கும் பேசினார். இடையில் சில அத்தியாயங்களுக்கு இன்னொரு குரல் நடிகரான டாஸ் பட்லர் கைகொடுத்தார்.

விபத்துக்கெல்லாம் முன்பு, வார்னர் கார்ட்டூன்களில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சம்பள உயர்வு கேட்டபோது தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். சரி, திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்றார் பிளாங்க். பெயர் வந்தது. கார்ட்டூன் குரலுக்குப் பெயர் போடும் வழக்கமே இல்லாத காலம் அது, பெரிய வெற்றிதான். ஆனால் அவர் பெயர் மட்டுமே வந்ததால், எல்லாக் குரலும் அவருடையது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். பக்ஸ் பன்னியை வேட்டையாட அலையும் எல்மர் ஃபட்டுக்குப் பல ஆண்டுகள் பேசிய ஆர்தர் கியூ. பிரையன் பெயர் பெரும்பாலும் திரைக்கு வரவே இல்லை. பிளாங்கை நேசிக்கும் எனக்கே இது வலிக்கிறது.

ட்வீட்டியை வளர்க்கும் பாட்டிக்குப் பேசிய ஜூன் ஃபோரேவின் கதையும் அதுதான். 99 வயது வரை வாழ்ந்த அந்த அம்மையாரைப் பற்றித்தான் நம் அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறேன்.