முதலாம் ஆண்டில் சறுக்கினாலும் மருத்துவம் தொடரலாம்: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் கனடாக் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் புள்ளி குறைந்த பிள்ளை மருத்துவத்தைத் தொடர்வதா, வேறு வழி பார்ப்பதா?" இதுதான் தலைப்பு. தொடரலாம் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் திரும்பத் திரும்ப ஒரு வாக்கியம் சொன்னார்: "முதல் வருசத்திலேயே தெரிஞ்சு போச்சு." என்ன ஐயா தெரிந்து போனது?

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. இங்கே இருக்கும் பெற்றோர் பலர் இலங்கையில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்று மூன்று பாடம், இசட் புள்ளி என்ற தரப்படுத்திய புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எண்ணப்படும். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைந்தாலும் மருத்துவபீடம் இல்லை. தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு அந்த இடத்தில் நீட் இருக்கிறது. அங்கே பெறுபேறு என்றால் தீர்ப்பு. அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள், ரொறன்ரோவில் படிக்கும் மகளின் முதலாம் ஆண்டுப் புள்ளியைப் பார்த்ததும் தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் நடப்பது வேறு. முதலில் இளநிலைப் பட்டம் படித்து, பிறகுதான் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒரு பரீட்சை முடிவு செய்வதில்லை. பல ஆண்டுப் புள்ளிகளை ஒவ்வொரு மருத்துவபீடமும் தன் பாட்டுக்குக் கூட்டுகிறது. அந்தக் கூட்டல்தான் என் வாதம். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளையின் முதலாம் ஆண்டுப் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: இரசாயனம் 74, உயிரியல் 71, கணிதம் 68, உளவியல் 78, சமூகவியல் 82. வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒன்ராறியோ மருத்துவபீடங்களுக்கான பொது விண்ணப்பச் சேவை ஓம்சாஸ். ரொறன்ரோ பல்கலைக்கழகம் போல விழுக்காட்டில் புள்ளி தரும் இடங்களுக்கு 4.0 உச்சமான அதன் அட்டவணையில் 74 என்றால் 3.0, 71 என்றால் 2.7, 68 என்றால் 2.3, 78 என்றால் 3.3, 82 என்றால் 3.7. கூட்டினால் 15. ஐந்தால் வகுத்தால் ஜிபிஏ, அதாவது சராசரித் தரப்புள்ளி, 3.0.

இங்கே பெற்றோர் கவனிக்காத ஒரு விசயம் இருக்கிறது. சராசரி விழுக்காட்டை மாற்றுவதில்லை, பாடம் பாடமாக மாற்றுகிறார்கள். 79 எடுத்தால் 3.3, 80 எடுத்தால் 3.7. ஒரு புள்ளிக்கு அவ்வளவு வித்தியாசம். 85க்கும் 89க்கும் ஒரே 3.9 தான். ஆகவே ஒரு பாடத்தில் 95, இன்னொன்றில் 75 எடுத்த பிள்ளைக்கு ஜிபிஏ 3.5. இரண்டிலும் 85 எடுத்த பிள்ளைக்கு 3.9. இரண்டு பேருக்கும் சராசரி 85! பிடித்த பாடத்தில் தொண்ணூறைத் தாண்ட இரவு இரவாக இருந்து, பிடிக்காத பாடத்தை எழுபதில் விடுகிற பிள்ளைக்கு இதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சரி, 3.0 எடுத்த அந்தப் பிள்ளை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 3.9 எடுக்கிறது. நான்காம் ஆண்டு தொடங்கியதும் விண்ணப்பிக்கிறது. விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடும், அதனால் கையில் இருப்பது மூன்று ஆண்டுப் புள்ளி. ஒன்ராறியோ மருத்துவபீடங்களில் மக்மாஸ்டர் எதையும் தள்ளாமல் எல்லாவற்றையும் கூட்டும்: 3.6. ஒட்டாவா அண்மைய மூன்று ஆண்டுகளை எடுத்து, பழையதை ஒன்றாலும் அடுத்ததை இரண்டாலும் கடைசியை மூன்றாலும் பெருக்கி, ஆறால் வகுக்கும்: 3.75. வெஸ்டர்ன் பார்ப்பது சிறந்த இரண்டு ஆண்டுகளை: 3.9. அதே பிள்ளை நான்காம் ஆண்டிலும் 3.9 எடுத்து, பட்டம் முடித்து, ஒரு வருடம் பிந்தி விண்ணப்பித்தால் ஒட்டாவாவின் மூன்று ஆண்டுக் கணக்கில் முதலாம் ஆண்டே வராது. அங்கேயும் 3.9 ஆகிவிடும். எதிரணித் தலைவருக்கு "தெரிஞ்சு போன" அந்த ஆண்டை ஒட்டாவா பார்க்கவே போவதில்லை, நடுவர் அவர்களே.

இன்னும் இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகம், ஒவ்வோர் ஆண்டும் முழுப் பாடச்சுமை எடுத்தவருக்கு மிகக் குறைந்த புள்ளி வந்த சில பாடங்களை நீக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. குயின்ஸ் 2024இல் முறையை மாற்றியது. குறைந்தபட்ச எல்லைகளைத் தாண்டியவர்களைக் குலுக்கலில் போடுகிறது. எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தக் குலுக்கலில் 3.6க்கும் 3.9க்கும் ஒரே சீட்டுத்தான். 2025இல் பிராம்ப்டனில் தொடங்கிய ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழக மருத்துவபீடம் 3.3ஐக் குறைந்தபட்சமாக வைத்தது, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையும் கேட்கவில்லை. இந்த விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். அயலவரின் மகன் ஐந்து வருடத்துக்கு முன் சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒவ்வொரு பீடத்தின் விதியையும் நேரே வாசிக்க வேண்டும்.

கைதட்டியவர்களுக்கு நன்றி. ஆனால் இனித்தான் கஷ்டமான பகுதி. 3.9 என்று நான் வாயால் சொல்லிவிட்டேன். கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் 85 எடுக்க வேண்டும். 3.0 எடுத்த பிள்ளை அங்கே போவதற்குள் மறித்து விழுத்தும் பிழைகள் சில உண்டு. எதிரணி காட்டிய தோல்விகளில் பாதி, முதலாம் ஆண்டால் வந்தவை அல்ல. அதற்குப் பிறகு அவசரத்தில் செய்த காரியங்களால் வந்தவை.

முதல் பிழை, பாடத்தைக் குறைப்பது. "அஞ்சு கஷ்டமெண்டால் நாலு எடு பிள்ளை" என்று அம்மா அன்பாகச் சொல்லுவார். நாலு பாடத்தில் 3.9 வந்துவிடும். ஆனால் வெஸ்டர்ன் முழுச் சுமையோடு படித்த ஆண்டைத்தான் கணக்கில் எடுக்கும். ரொறன்ரோவின் சலுகைக்கும் ஒவ்வோர் ஆண்டும் முழுச் சுமை வேண்டும். அந்த அழகான 3.9 எண்ணப்படாமலே போகலாம். ஐந்தாவது பாடத்தைக் கோடைக்குத் தள்ளினாலும் அதே ஆபத்து. பல பீடங்கள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எடுத்ததைத்தான் ஜிபிஏ கணக்கில் பார்க்கின்றன.

இரண்டாவது, பழைய பாடத்தைத் திரும்ப எடுப்பது. இரசாயனம் 74 என்றால் திரும்ப எடுத்து 88 ஆக்கினால் பழையது அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அழியாது. மக்மாஸ்டர் இரண்டையும் கூட்டும். அமெரிக்கப் பொது விண்ணப்பமான ஆம்காஸும் இரண்டையும் கூட்டும். பாடம் தேறவில்லை என்றாலோ, அடுத்த பாடத்துக்கு அது அடிப்படை என்றாலோ எடுக்கலாம். இல்லாவிட்டால் அதே உழைப்பைப் புதுப் பாடத்தில் போடுவதே லாபம்.

மூன்றாவது, மாஸ்டர்ஸ். இளநிலைப் புள்ளி குறைந்தால் மாஸ்டர்ஸ் செய்து சரிக்கட்டலாம் என்று பலர் இரண்டு வருடத்தைக் கொடுக்கிறார்கள். மாஸ்டர்ஸ் இளநிலை ஜிபிஏயை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. மக்மாஸ்டரின் முதற்கட்டத் தேர்வில் ஜிபிஏ, எம்கேட்டின் வாசிப்புப் பகுதி, சூழ்நிலைகளைக் கொடுத்து முடிவெடுக்கும் திறனைப் பார்க்கும் காஸ்பர் தேர்வு ஆகியவற்றுக்குத் தலா 32 விழுக்காடு. மாஸ்டர்ஸுக்கு ஒரே ஒரு விழுக்காடு. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் செய்யட்டும். புள்ளியைக் கழுவுவதற்காக வேண்டாம். அதற்கு ஒட்டாவா, வெஸ்டர்ன் போன்ற இடங்களை மனதில் வைத்து, அவற்றின் விதியை வாசித்துவிட்டு, முழுச் சுமையோடு ஐந்தாம் ஆண்டு இளநிலை படிப்பது கூடுதல் பயன் தரும்.

நான்காவது பிழை, பெட்டி கட்டுவது. முதலாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே கரீபியன் தீவு மருத்துவக் கல்லூரிக்குக் காசு கட்டிவிடுவது. எதிரணிச் சகோதரி அப்படிப் போய்க் கடன்பட்டவர்களின் கதையைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார். அது எங்கள் வாதத்துக்குத்தான் உதவுகிறது, அம்மா. இங்கே தொடர முடியாது என்று நம்பியவர்கள்தான் அங்கே ஓடுகிறார்கள். அங்கே பட்டம் வாங்கித் திரும்பினாலும் மதிப்பீட்டுப் பரீட்சைகள் எழுதி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான குறைந்த மருத்துவப் பயிற்சி இடங்களுக்குப் போட்டி போட வேண்டும். இடம் கிடைத்தால் ஒன்ராறியோ அனுமதிக்கும் பகுதியில் ஐந்து ஆண்டு சேவை செய்ய வேண்டும்.

அப்படியென்றால் இரண்டாம் ஆண்டில் 85 எப்படி வரும்? ஏன் 71 வந்தது என்று கண்டுபிடித்தால் வரும். விடைத்தாளைப் போய்ப் பார்க்காமல் "இனிக் கூடப் படிப்பன்" என்று சொல்வதில் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் 94 எடுத்த பிள்ளை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் கான்வொகேஷன் ஹாலில் விரிவுரை கேட்டு, குறிப்பை மூன்று நிறத்தில் கோடு போட்டு, ஐந்து தடவை வாசித்துவிட்டுப் போகிறது. பரீட்சையிலோ பார்த்திராத வரைபடத்தைக் கொடுத்து "இந்த நொதியம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்கிறார்கள். வாசித்தது ஞாபகம் இருக்கிறது, பிரயோகிக்கத் தெரியவில்லை. அதற்கு மருந்து பழைய வினாத்தாள். புத்தகத்தை மூடி, நேரம் வைத்து எழுதி, பிழைத்ததை மட்டும் ஒரு கொப்பியில் குறித்து, உதவி விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்தில் அந்தக் கொப்பியோடு போக வேண்டும்.

இன்னொரு பிள்ளைக்குப் பிரச்சினை படிப்பே இல்லை. ஸ்காபரோவில் இருந்து நகர மையத்துக்குப் பஸ்ஸும் ரயிலுமாகப் போய் வரப் பகலில் பாதி போகிறது, சனி ஞாயிறு கடையில் வேலை. அந்தப் பிள்ளைக்கு வினாத்தாளை விட வேலை நேரத்தைக் குறைப்பதுதான் உதவும். உடல்நலமோ மனநலமோ காரணமென்றால் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே அலுவலகம் உண்டு. ஆனால் பரீட்சைக்கு முன் போக வேண்டும். புள்ளி வந்த பிறகு மருத்துவச் சான்றிதழோடு போனால் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும்.

பாடத் தெரிவும் அப்படித்தான். உயிர் அறிவியல்தான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது? மக்மாஸ்டரும் வெஸ்டர்னும் இன்ன பாடம் கட்டாயம் என்று கேட்பதில்லை. ரொறன்ரோ சில உயிர் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைக் கேட்கும், அவ்வளவுதான். கட்டாயம் என்று தவறாக நினைத்து, சேதன இரசாயனத்தில் போய் முட்டி, இரண்டாம் ஆண்டையும் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

எம்கேட்டுக்கும் இதே பொறுமை வேண்டும். மொத்தம் 472 முதல் 528 வரை புள்ளி, நான்கு பகுதி. இரசாயனத்தையும் உயிரியலையும் ஒரு கோடையில் இருந்து படிக்கலாம். கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதியை அப்படி முடியாது. தொண்ணூறு நிமிடம், ஒன்பது உரைப்பகுதிகள், 53 கேள்விகள், தத்துவம், கலை, சமூகம் என்று அறிமுகமில்லாத எழுத்து. மக்மாஸ்டர் எம்கேட்டில் பார்ப்பது இதை மட்டும்தான். இரண்டாம் ஆண்டிலிருந்தே தினம் ஒரு கனமான கட்டுரை வாசித்தால்தான் மூன்றாம் ஆண்டுக் கோடையில் கை கொடுக்கும்.

எதிரணியின் கடைசிக் கேள்வி நியாயமானது: "எப்ப நிப்பாட்டுறது?" பதில் சொல்கிறேன். முதலாம் ஆண்டு முடிவில் அல்ல, மூன்றாம் ஆண்டு முடிவில். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் முழுச் சுமையோடு 3.7ஐத் தொடவில்லை என்றால் கணக்கு பிள்ளையின் பக்கம் இல்லை. அன்றைக்கு நானும் எதிரணி மேசையில் வந்து உட்காருவேன். அதுவரை படித்தது வீண் போகாது. பட்டம் எப்படியும் முடிக்க வேண்டியதுதான். உயர்ந்த புள்ளி மருந்தகவியலுக்கும் பல் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் செல்லும். ஆனால் 74ஐயும் 71ஐயும் வைத்து, பதினெட்டு வயதில், மே மாதத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.