கதையில் எது சமம்?

நேயர்களுக்கு வணக்கம். வேகம், நேரம், தூரம் என்று ஒரு கணக்கு வந்தாலே பலர் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள். சூத்திரம் தெரியாமல் இல்லை. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தூரம், அது எல்லோருக்கும் மனப்பாடம். தெரியாததை எக்ஸ் என்று வைத்தாயிற்று, அப்புறம் சமன்பாட்டுக்கு எங்கே போவது? பேனா நிற்பது அங்கேதான்.

சமன்பாடு வேண்டுமானால் கதையில் எது சமம் என்று தேட வேண்டும். ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒரு மணி நேரம் கழித்து, அதே இடத்திலிருந்து இன்னொரு வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் துரத்துகிறது. எவ்வளவு நேரத்தில் பிடிக்கும்? பிடிக்கிற இடத்தில் இரண்டும் ஓடிய தூரம் ஒன்றே. பின்னால் வந்த வண்டி எக்ஸ் மணி நேரம் ஓடியிருந்தால், முன்னால் போனது அதைவிட ஒரு மணி கூடுதலாக ஓடியிருக்கும். ஆக, 60 எக்ஸ் என்பது 40 எக்ஸ் கூட்டல் 40. விடை 2 மணி நேரம். ஒரே சமயத்தில் கிளம்பி எதிரெதிரே வரும் வண்டிகளுக்கோ, நேரம்தான் சமம்.

சராசரி வேகத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 120 கிலோமீட்டரை 60-ல் போய் 40-ல் திரும்பினால் சராசரி 50 அல்ல. போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், ஆகவே 48. மெதுவான பயணத்தில் அதிக நேரம் கழிந்திருக்கிறதே!

சரி, இருபடிச் சமன்பாட்டுக்கு, அதாவது எக்ஸின் வர்க்கம் வரும் சமன்பாட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு ரயில் 300 கிலோமீட்டர் ஓடுகிறது. வேகம் 10 கூடினால் ஒரு மணி நேரம் மிச்சம். வேகம் எவ்வளவு? 300-ஐ எக்ஸால் வகுத்தால் பழைய நேரம்; எக்ஸ் கூட்டல் 10-ஆல் வகுத்தால் புதிய நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் 1. இதைச் சுருக்கினால், எக்ஸ் வர்க்கம் கூட்டல் 10 எக்ஸ் சமம் 3000. 3000-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, இரண்டு காரணிகளின் பெருக்கலாகப் பிரித்தால், அதாவது காரணிப்படுத்தினால், விடைகள் இரண்டு: 50, கழித்தல் 60. வேகம் குறை எண்ணாக இருக்காது என்று இரண்டாவதை உடனே அடித்துவிடுகிறோம்.

அடிப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் பாருங்கள். குறியை எடுத்துவிட்டால் 60. அது கூட்டிய பிறகான வேகம்! தற்செயல் இல்லை. இந்தச் சமன்பாட்டில் எக்ஸோடு கூட்டல் 10 நிற்பதால், இரண்டு விடைகளையும் கூட்டினால் கழித்தல் 10 வந்தாக வேண்டும். அதனால் ஒன்று பழைய வேகம் என்றால், மற்றது கழித்தல் குறியோடு புதிய வேகமாகத்தான் இருக்கும். 50-ல் 6 மணி, 60-ல் 5 மணி, சரியாக இருக்கிறது. அப்படிப் பொருந்தவில்லை என்றால் காரணிப்படுத்தியதை இன்னொரு முறை பாருங்கள், பெரும்பாலும் ஒரு குறி மாறியிருக்கும். நன்றி, வணக்கம்.