எலும்பை நிறுத்தும் வேலை

அனைவருக்கும் வணக்கம்.

மியூசியத்தில் டைனோசர் எலும்புக்கூட்டின் முன்னால் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பேன். தாங்கி நிற்கும் இரும்புக் கம்பி எங்கே தொடங்குகிறது, எலும்பைத் துளைத்துக்கொண்டு போகிறதா, அணைத்துப் பிடித்திருக்கிறதா என்று தேடுவேன். இன்று அந்தக் கம்பியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெல்ஜியத்தில் பெர்னிசார் என்று ஓர் ஊர். 1878-இல் அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், தொழிலாளர்கள் வெட்டிக்கொண்டு போன பாதையில் எலும்புகள் தட்டுப்பட்டன. இகுவானோடான் என்ற தாவரம் தின்னும் டைனோசர். ஒன்றிரண்டு இல்லை, முப்பதுக்கும் மேல். பிரஸ்ஸல்ஸ் மியூசியத்திலிருந்து லூயி டி பாவ் என்ற கைதேர்ந்த வேலைக்காரர் சுரங்கத்துக்குள் இறங்கினார். எலும்பைச் சுற்றி மண்ணோடு வெட்டி, ஈரக் காகிதம் ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, எண் போட்டு, எது எங்கே கிடந்தது என்று வரைந்து வைத்துக்கொண்டு மேலே அனுப்பினார். சுமார் 600 பாளங்கள்.

அப்புறம்தான் பெரிய சோதனை. அந்த எலும்புகளுக்குள் பைரைட் இருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் மாதிரி மினுக்கும் கனிமம். மண்ணுக்குள் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காற்றும் ஈரமும் பட்டால் உப்பிப் பெருகும், எலும்பு விரிசல் விட்டுப் பொடியாக உதிரும். நம் ஊரில் தச்சர்கள் வச்சிரம் காய்ச்சுவார்களே, கிட்டத்தட்ட அதே பசையைச் சூடாக எலும்புக்குள் ஊற வைத்துத்தான் டி பாவ் அவற்றைக் காப்பாற்றினார்.

இந்த இடத்தில் கல்லமேட்டை நினைக்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. அரியலூர்ப் பக்கம் இருக்கிறது. 1980-களில் அங்கே ஒரு மாபெரும் விலங்கின் எலும்புகளைக் கண்டுபிடித்து, புரூஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம் என்று பதிவு இருக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் மிகவும் நொய்ந்தவை. ஆய்வகத்துக்கு வந்து சேரும் முன்பே உதிர்ந்துபோயின. இப்போது படங்கள்தான் மிச்சம். எவ்வளவு பெரிய விலங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எடுத்து அளந்து பார்க்க எலும்பு இல்லை. எனக்கு இது சொந்த வீட்டில் களவு போன மாதிரி வலிக்கிறது.

சரி, பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்புவோம். 1882-இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்துக்குள் மரச் சாரம் கட்டினார்கள். மேலிருந்து கயிறுகளில் எலும்புகளைத் தொங்கவிட்டு, ஏற்றி இறக்கி, அந்த விலங்கு எப்படி நின்றிருக்கும் என்று பொருத்திப் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எலும்புக்கூடுகள்: காசோவரிப் பறவை ஒன்று, கங்காருவின் உறவான வாலபி ஒன்று. பழைய படங்களில் இதைப் பார்க்கலாம். அதற்கு முன் லண்டனில் 1854-இல் வைத்த சிலைகளில் இகுவானோடானின் மூக்கில் ஒரு கொம்பு இருந்தது. பெர்னிசார் எலும்புகள் வந்த பிறகுதான் அது கொம்பில்லை, கட்டைவிரலின் முள் என்று தெளிவானது.

ஆனால் வாலில் சிக்கிக்கொண்டார்கள். கங்காருவைப் போல நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்க வைத்தார்கள். இகுவானோடானின் முதுகெலும்பை ஒட்டித் தசைநாண்கள் எலும்பாகவே இறுகி, கூடை முடைந்தது போலப் பின்னிக் கிடக்கும். விறைத்த வால் அது. அந்த நிலைக்கு அதை வளைக்க வேண்டுமானால் முறித்தால்தான் முடியும். 1980-இல் டேவிட் நார்மன் என்ற ஆய்வாளர், முதுகு தரைக்கு இணையாகவும் வால் பின்னால் நீட்டியும் இருந்திருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினார்.

பின் ஏன் மாற்றவில்லை? 2003 முதல் 2007 வரை பெரிய சீரமைப்பே நடந்தது. ஆனாலும் பழைய தோரணையில்தான் இன்றும் நிற்கின்றன. அத்தனை நொய்ந்த எலும்புகளை மறுபடி வேறு கோணத்தில் நிறுத்துவது ஆபத்து.

அதனால்தான் கம்பியைப் பற்றிப் பேசுகிறேன். எலும்பு நமக்குக் கிடைத்தது. தோரணை நாம் நினைத்துக்கொண்டது. நினைப்பு தவறும். அந்தக் காலத்தில் பல இடங்களில் முதுகெலும்பில் ஓட்டை போட்டு இரும்புக் குழாயைச் செருகினார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் எலும்பு போனது போனதுதான். இப்போது நல்ல பட்டறைகளில் ஒவ்வொரு எலும்புக்கும் தனித் தாங்கி. பழுத்த இரும்பை நிஜ எலும்பின் பக்கத்தில் கொண்டுபோக முடியாதே! அதனால் எலும்பின் வார்ப்பை, அதாவது அச்சு எடுத்துச் செய்த நகலை, வைத்துக்கொண்டு, கம்பியைச் சூடாக்கித் தட்டி, மேடு பள்ளத்துக்கு ஏற்ப இழைய வைப்பார்கள். உட்புறம் மெத்தென்று ஏதாவது ஒட்டுவார்கள். திருகைக் கழற்றினால் எலும்பு கையோடு வந்துவிட வேண்டும்.

சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் இருக்கும் ‘சூ’ என்ற டி. ரெக்ஸ் டைனோசரை 2000-இல் அப்படித்தான் நிறுத்தினார்கள். நிஜ மண்டையோடு 270 கிலோ இருக்கும். அதைக் கீழே தனிப் பெட்டியில் வைத்துவிட்டு, உடலில் வார்ப்பைப் பொருத்தினார்கள். வயிற்றடி விலா எலும்புகளை எப்படிச் சேர்ப்பது என்று அப்போது உறுதியாகத் தெரியாததால் விட்டுவைத்தார்கள். 2018-இல் கழற்றி, அவற்றையும் சேர்த்து, மறுபடி நிறுத்தினார்கள். சூவுக்கு வயிறு வந்தது.

நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தா போங்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபாசாரஸ் என்ற டைனோசர் நிற்கிறது. பிராணஹிதா-கோதாவரிப் படுகையில் எடுத்த சுமார் 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. மண்டையோடு கிடைக்கவே இல்லை. ‘பாரா பா’ என்றால் வங்காளத்தில் பெரிய கால். முதலில் கிடைத்த தொடையெலும்பு 1.7 மீட்டர், ஓர் ஆள் உயரம். அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். பிறகு கொஞ்சம் குனிந்து, அத்தனை பாரத்தையும் எது தாங்குகிறது என்று பாருங்கள்.

நன்றி.