விறகு வண்டி போன தடத்தில் ஒரு காட்டு ஏரிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டுக்குள் நடக்கப் போகலாமா என்று சென்னைக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஏற்காடு, கொல்லிமலை, டாப்சிலிப் என்று மலைகளைத்தான் அடுக்குவார். இரண்டு நாள் விடுப்பு வேண்டும், ரயில் டிக்கெட் வேண்டும் என்று அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் காப்புக்காடுகள் இருக்கின்றன. சமவெளிக் காடுகள். அவற்றுக்குள் பழைய கூப்பு ரோடுகள் வளைந்து வளைந்து போகின்றன. அவற்றில் சில, காட்டு ஓடைகள் வந்து சேரும் ஏரிகளின் கரையில் கொண்டுபோய் விடுகின்றன. அப்படி ஒரு ரோட்டில் நடப்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மீண்டும் தழைக்க விட்டுவிடுவது பழைய வனத்துறை முறை. அந்த ஒரு பகுதிதான் கூப்பு. வெட்டிய மரத்தை ஏற்றிவர மாட்டுவண்டி போனது. பின்னாளில் லாரி போனது. அந்தத் தடம்தான் கூப்பு ரோடு. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் இந்த ரோடுகள் தேக்கு, ஈட்டி மரங்களை இறக்குவதற்காகப் போடப்பட்டவை. நம் பக்கத்துச் சமவெளிக் காடுகளில் ஏது தேக்கு? இங்கிருந்து போனது விறகு. போன இடம் சென்னை.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தக் காலத்து எஞ்சின்கள் விறகை எரித்துத்தான் ஓடின. அதே ஆண்டில்தான் கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ரயிலும் வளரும் நகரமும் கேட்ட விறகுக்கு ஈடுகொடுக்கச் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். 1882-இல் வனச் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டின் காப்புக்காடுகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. இன்று ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகு படகாக விறகு வந்து இறங்கியது. சமையல் எரிவாயு வீடு வீடாக வரும்வரை சென்னையில் தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரையிலிருந்து தொங்கும் பெரிய தராசு, ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் கட்டைகள், தரையெல்லாம் பட்டைத் தூள். இத்தனை அடுப்புகளுக்கும் தீனி போட்ட நிலம் எது என்று நாம் கேட்டதே இல்லை.

காட்டுக்குள் போனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நடந்துகொண்டிருக்கும்போது எந்தப் புதராவது தடத்தை ஒட்டி நின்றால், குனிந்து அதன் அடியைப் பாருங்கள். ஒரே தண்டாக இருக்காது. பூமியை ஒட்டி ஒரு முண்டு. கறுத்து, வெடித்து, சில இடங்களில் ஒரு முறத்தின் அகலத்துக்குப் பரந்திருக்கும். அதைச் சுற்றி ஐந்தாறு தண்டுகள், கைத்தடிப் பருமனில் நிமிர்ந்திருக்கும். அவ்வளவும் மறுதாம்பு, வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்தவை. மேலே இருப்பது இளசு, கீழே இருப்பது கிழம். திரும்பத் திரும்ப வெட்டப்பட்டும் உயிரை விடாமல் துளிர்த்த மரம் அது. நாம் புதர் என்று சொல்லும் பல செடிகள், விட்டிருந்தால் மரமாகியிருக்க வேண்டியவை. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட நிலத்திலும் ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்கும் காடு, முழு வளர்த்தியில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், மரக்காணம் தாண்டி புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போகலாம். சாமிக்குப் பயந்து மனிதர்கள் கோடரியைக் கீழே வைத்த இடம் அது. அங்கே வெயில் தரையைத் தொடுவதற்குச் சிரமப்படும்.

அதனால்தான் இந்தக் காடுகளைத் தரிசு என்றோ வெறும் முள்காடு என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. காயா, களா, காரை, குருந்து, வெப்பாலை, பாலை எல்லாம் இங்கே இருக்கின்றன. வெண்புருவச் சின்னான் என்ற பறவை இந்தப் புதர்களை நம்பித்தான் வாழ்கிறது. வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவி வந்து சருகுகளைக் கிளறுகிறது. 'சும்மா கிடக்கிற இடம்தானே, மரம் நடலாம்' என்று நல்லெண்ணத்தோடு கன்றுகளோடும் கடப்பாரையோடும் வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குழி தோண்டும் முன் அந்த முண்டைப் பாருங்கள். அங்கே மரம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு வேண்டியது வெட்டு விழாத, தீ விழாத காலம்.

இனி ரோட்டைப் பற்றி. கூப்பு ரோட்டில் நடப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். நேராக மேட்டின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் அகலமான வெட்டவெளியைக் கண்டால், அது ரோடு அன்று, காட்டுத்தீ பரவாமல் இருக்கச் செடிகொடிகளை வெட்டிவிட்ட தீத்தடுப்புக் கோடு. எங்களுக்கு வழிகாட்ட வந்த இருளர் அண்ணன் அதை ஒரே வரியில் சொன்னார்: "பாரம் ஏற்றின மாடு இழுக்காத மேட்டில் வண்டித்தடம் போகாது, சார்." உண்மைதான். கூப்பு ரோடு மேட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு போகும். மூச்சு வாங்காமல் நடக்கலாம், வயதானவர்களும் நடக்கலாம்.

ஆனால் கிளைத்தடங்களில் கவனம் வேண்டும். பிரதான ரோட்டிலிருந்து பிரியும் கிளை, வெட்டின இடம்வரை போய் அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் போக அன்று யாருக்கும் வேலை இருக்கவில்லை. தடம் திடீரென்று மறைந்து நாலா பக்கமும் சூரை முள் சட்டையைப் பிடித்தால், முன்னால் வழி தேடாதீர்கள். பிரிந்த இடத்துக்கே திரும்புங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் இன்னொன்றையும் காணலாம். வண்டிச்சக்கரம் அழுத்திய இரண்டு பள்ளங்களிலும் தண்ணீர் ஓடி, ரோடே ஓடையாகியிருக்கும். சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருக்கும். அந்த ஓடையின் போக்கிலேயே போனால் பல நேரம் ஏரி வந்துவிடுகிறது.

நான் போகும் ஏரியின் பெயரை வானொலியில் சொல்லப் போவதில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முந்நூறு பேர் வந்து இறங்கினால் அது தாங்காது. மூன்று பக்கம் காடு, ஒரு பக்கம் கரை. கரையில் பனை, நடுவில் மதகு, ஓரத்தில், நிறைந்த நீர் வழிந்து போகக் கருங்கல் கலங்கல். தை மாதத்தில் போனால் நீர் தெளிந்து, அடியில் பாசி அசைவது தெரியும். முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை ஒன்று மூழ்கும். எங்கே எழும் என்று பார்த்திருந்தால் நாம் நினைக்காத பக்கத்தில் எழும். காடு இருக்கும் மூன்று பக்கத்திலிருந்தும் வரும் தண்ணீரில் வண்டல் குறைவு. சருகும் வேரும் மழையைப் பிடித்து, வடிகட்டி, நிதானமாக விடுகின்றன. நாலாவது பக்கத்தில், கரைக்கு வெளியே, நெல் விளைகிறது. ஏரிகள் மாவட்டம் என்று பெயர் வாங்கிய பழைய செங்கல்பட்டில், கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அதுவும் வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு என்று நீர் போய்க்கொண்டே இருக்கும். பூண்டி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடுகளில் பெய்யும் மழையோ, கடைசியில் சென்னைக் குழாய்களுக்கே வந்து சேர்கிறது. விறகு வாங்குவதை நாம் நிறுத்திவிட்டோம். தண்ணீரை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின, அது சரியே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதை அதில் ஒன்று. பூண்டிப் பக்கத்துப் புதர்க்காட்டின் வழியே போவது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். அங்கே தரையில் கிடக்கும் கூழாங்கற்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தக் கல்லில்தான் ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் அவற்றைக் கண்டெடுத்தார். பார்த்தபின் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மார்கழியும் தையும் நல்ல காலம். மாசி பிற்பகுதியிலிருந்து புல் காய்ந்துவிடும். தீ பயத்தில் பாதைகளை மூடுவதும் உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள், உண்ணியும் முள்ளும் இரக்கம் பார்க்காது. கணுக்காலை மூடும் காலணி அவசியம். கண்ணாடிவிரியன் சருகின் நிறத்திலேயே படுத்திருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வழிகாட்டியாக வருகிறவர் அந்த ஊர்க்காரர். அவர் நின்றால் நில்லுங்கள், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நன்றி. வணக்கம்.